ஊரிலிருந்து ஒரு செய்தி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபொழுது, "எதைப் பற்றி?" என்று வினவினோம். "எதைப் பற்றியேனும் பேசுங்கள், ஆனால் ஆறரை மணிக்கு இசை நிகழ்ச்சி தொடங்கிவிடும்" என்று விடையளித்தார். பொருளை நமக்கு விட்டு, காலத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்ட அவருடைய நிர்வாகத் திறமையைப் பாராட்டுகிறோம். சிலம்பையும் கம்பனையும் பற்றிப் பேசத்தக்க புலவர்கள் இவ்வவையில் இருக்கிறார்கள். நாமோ 1968ஆம் ஆண்டில் தில்லிக்கு வந்து, முப்பத்தொன்பது ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவர்கள். நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஊரைவிட்டு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவில் வாழ்வோர், ஊரிலிருந்து ஒரு செய்தி வருமா என்று காத்திருப்பது எப்படி என்பதை நாம் அறிவோம். அந்தச் செய்தி அன்று எப்படி வந்தது, இன்று எப்படி வருகிறது, இடையே நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

அன்று செய்தி கடிதமாக வந்தது. ஊரில் புதன்கிழமை எழுதிய கடிதம், திங்கட்கிழமையன்று நம் குடியிருப்புக்கு வந்து சேரும். தபால்காரர் இந்திக்காரர், நல்ல மனிதர். சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு, "சிட்டி!" என்று குரல் கொடுப்பார். இந்தியில் 'சிட்டி' என்றால் கடிதம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை இருந்தது. அதற்கு இந்தி தெரியாது. ஊரில் தன்னைத் தூக்கி வளர்த்த சித்தியின் நினைவாகவே இருந்த குழந்தை அது. தபால்காரர் முதல் நாள் "சிட்டி!" என்றதும், "சித்தி வந்துட்டா! சித்தி வந்துட்டா!" என்று கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடிற்று. அங்கே காக்கி உடையில் மீசையோடு ஒருவர் நிற்பதைக் கண்டு அழுதுவிட்டது. பிறகு அதன் தாய் அந்த உறையைப் பிரித்துப் பார்த்தால், உண்மையாகவே அது சித்தி எழுதிய கடிதம்! அன்றைக்கு நாம் நகைத்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தபொழுது, அக்குழந்தை கொண்டது பிழையன்று என்று தோன்றிற்று. கடிதம் வந்தால் எழுதியவரே வந்ததுபோலத்தான்.

கடிதத்தின் அமைப்பைச் சற்று நினைவுகூருங்கள். வலப்புற மூலையில் ஊரும் நாளும் இருக்கும். பின்னர் விளிப்பு: "சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம்" என்றோ, "அன்புள்ள அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்" என்றோ தொடங்கும். இங்கு நலம், அங்கு நலமறிய அவா என்று ஒரு வரி. அதன்பின் பசு கன்று போட்டது, ஆற்றில் தண்ணீர் வந்தது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது என்று ஊரே நடந்து வரும். உள்நாட்டுக் கடிதத்தின் மடிப்பிலும் ஓரத்திலும் இடம் விடாமல் எழுதி, பசை தடவும் இடத்திலும் "மறந்துவிட்டேனே" என்று தொடங்கும் ஒரு வரி மீதம் இருக்கும். இறுதியில் கையொப்பம். மங்கலச் செய்தியாயின் நான்கு மூலையிலும் மஞ்சள். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தபின், முகவரியின் அடியில் நம்முடைய 110 என்ற தொடக்கமும், அனுப்புநரிடத்தில் ஊரின் 6 என்ற முதலெண்ணும் வந்து சேர்ந்துகொண்டன. அந்த ஆறை உறையின் மேல் கண்டவுடனேயே முகம் மலர்ந்த காலம் அது.

ஒரு வீட்டிற்கு வந்த கடிதம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. மாலையில் அலுவலகம் விட்டு வந்தபின், "உங்க ஊர்ல மழை உண்டாமா?" என்று கேட்டுக்கொண்டு மாடிவீட்டார் வருவார்கள். திருநெல்வேலிக் கடிதத்தைத் தஞ்சாவூர்க்காரரும், கோயம்புத்தூர்க் கடிதத்தை வடஆர்க்காட்டுக்காரரும் கேட்டு மகிழ்ந்தனர். படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு நாம் படித்துக் காட்டியதுண்டு. படிக்கும்பொழுது சில வரிகளை விழுங்கிவிட்டதும் உண்டு.

கடிதம் அன்பின் வழி என்றால், தந்தி அச்சத்தின் வழியாக இருந்தது. 1850ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே சோதனையாகத் தொடங்கிய தந்தி, இந்நாட்டில் எத்தனையோ நல்ல செய்திகளைச் சுமந்திருக்கிறது. திருமண வாழ்த்துத் தந்திக்கென்றே வாசகங்கள் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். எண்ணைக் குறித்தால் வாழ்த்துச் சென்று சேரும். ஆயினும் இரவில் கதவைத் தட்டி "தார்!" என்று ஒருவர் நின்றால், வாழ்த்து என்று எவரும் எண்ணியதில்லை. உறையைப் பிரிக்குமுன்பே வீட்டில் அழுகை எழும்.

எம் அன்னையார் மறைந்த செய்தி 1974ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவ்வாறு வந்தது. நான்கே ஆங்கிலச் சொற்கள். அவற்றுள் ஒன்று 'புறப்படுக' என்பது. அன்றிரவு பக்கத்து வீட்டார் நான்கு பேர் தத்தம் சம்பளப் பணத்தில் எஞ்சியிருந்ததைத் திரட்டிக் கொடுத்து, கிராண்டு டிரங்கு விரைவு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சென்னையில் இறங்கி, எழும்பூருக்குச் சென்று, மாயவரம் வண்டி பிடித்து, வண்டிப்பாதையில் நடந்து வீட்டை அடைந்தபொழுது எல்லாம் முடிந்து மூன்றாம் நாள். அண்ணன் எம் கையைப் பற்றிக்கொண்டு, "எவ்வளவு நேரம்டா வச்சிருக்க முடியும்? நீ வந்துடுவே, வந்துடுவேன்னு பொழுது சாயற வரைக்கும் பார்த்தோம்" என்றார். அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணாத குறை இன்றும் எம் நெஞ்சில் உண்டு. இவ்வவையில் நரை கண்ட தலைகள் பல, இதனைக் கேட்டுத் தம் வீட்டுத் தந்தியை நினைத்துக்கொண்டிருக்கும் என்பதை நாம் அறிவோம். அந்தத் தந்தி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாளோடு நம் நாட்டில் விடைபெற்றது. அதற்காக வருந்தியோர் பலர். நாம் வருந்தவில்லை.

பின்னர்த் தொலைபேசி வந்தது. வந்தது என்பதைவிட, சிறிது சிறிதாக அருகில் நெருங்கியது என்று சொல்லுதல் பொருந்தும். முதலில் டிரங்கு கால். ஜன்பத்து வீதியில் உள்ள ஈஸ்டர்ன் கோர்ட்டு மாளிகைக்குச் சென்று பதிவு செய்துவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு என்று மூவகை. மின்னலின் கட்டணம் மின்னல் தாக்கியதுபோலவே இருக்கும். சாதாரண அழைப்புக்குப் பதிந்துவிட்டு, அது கிடைக்குமுன் ஊரிலிருந்து கடிதமே வந்துவிடும் என்று நண்பர் ஒருவர் பரிகசிப்பார். இடையில் ஆள் இல்லாமல் நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை 1960ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிற்று. எனினும் அது நம்மைப் போன்றோர்க்குக் கைகூடியது எண்பதுகளின் இறுதியில், சந்தைக்குச் சந்தை மஞ்சள் பலகைக் கடைகள் தோன்றியபின்புதான். இரவு பதினொரு மணிக்குமேல் கால் பங்குக் கட்டணம். ஆதலின் பதினொரு மணிக்கு, மார்கழிப் பனியில், தலையில் கம்பளிக் குல்லாயோடு, வரிசையில் நின்று பேசினோம். ஊரில் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த பெரியப்பா, "என்ன, என்ன ஆச்சு?" என்று பதறுவார். "ஒன்றும் ஆகவில்லை, கட்டணம் குறைவு" என்று விளக்குவதற்குள் மீட்டரில் மூன்று ரூபாய் ஓடிவிடும்.

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் இந்நாட்டின் முதல் கைப்பேசி உரையாடலை நிகழ்த்தினார். தொடக்கத்தில், பேசுபவர் மட்டுமன்றிக் கேட்பவரும் பணம் கொடுத்தார். 2003ஆம் ஆண்டில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அதன்பின் நிகழ்ந்ததை நாம் சொல்லவேண்டுவதில்லை. இன்று இவ்வரங்கில் எத்தனை தலைகளோ, ஏறத்தாழ அத்தனை கைப்பேசிகள். அவற்றை ஒலியடக்கி வைத்தமைக்கு உங்களுக்கு நன்றி.

இப்பொழுது எம் வாழ்க்கையின் இன்னொரு நாளைச் சொல்லுதல் வேண்டும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பெருந்தொற்றால் நாடு கதவடைத்திருந்த காலம். மார்ச்சு மாத இறுதியிலேயே பயணிகள் இரயிலும் விமானமும் நின்றுவிட்டன. கும்பகோணத்தில் இருந்த எம் அக்காள், முதுமையினால் ஒரு நாள் விடியற்காலையில் கண்மூடினார். செய்தி இரண்டு நிமிடத்தில் வந்தது. அன்னையாருக்கு அன்று மூன்று நாள். அக்காளுக்கு இன்று இரண்டு நிமிடம். ஆனால் புறப்படுவதற்கு வண்டி இல்லை. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்குமேல் கூடலாகாது என்பது விதி. அக்காளின் பேரன் தன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, தெரியுதா? முகம் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். தெரிந்தது. அன்னையாருடையதைக் காணாத கண்கள் அக்காளின் முகத்தைக் கண்டன. நெற்றியில் திருநீறு, மூக்கில் அந்தச் சிறு மூக்குத்தி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வாய்க்கரிசி இடும் நேரம் வந்தது. நாம் தில்லியில், நம் சமையலறையில், கையில் ஒரு பிடி அரிசியோடு நின்றோம். அதை எங்கே இடுவது? பிறகு அந்த அரிசியைப் பால்கனியில் புறாக்களுக்கு இட்டோம்.

இவ்விரு நாட்களையும் எம் மனம் அடிக்கடி எடைபோட்டுப் பார்க்கிறது. காணாத துயரம் பெரிதா, கண்டும் தொடமுடியாத துயரம் பெரிதா? இன்றளவும் முடிவு காணவில்லை. ஒன்று மட்டும் உறுதி. இக்கருவி நம் கண்ணையும் காதையும் ஊருக்குக் கொண்டுசென்றது, கையைக் கொண்டுசெல்லவில்லை. ஆயினும் அன்று அதுவும் இல்லாதிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? ஆதலின் இக்கருவியை நாம் ஒருபொழுதும் பழிக்கமாட்டோம். பழைய காலமே பொற்காலம் என்று பாட வந்தவர்களும் நாம் அல்லோம்.

நிற்க. கருவி நல்லதே. அதனைக் கையாளும் நாம் எப்படி இருக்கிறோம் என்பதே கேள்வி.

எம் குற்றத்தையே முதலில் ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்குமுன், தை மாதக் குளிரில், நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நாம் ஒரு செய்தியை அனுப்பினோம். ஓர் இளங்குழந்தைக்கு அரிய வகை இரத்தம் உடனே வேண்டும், இந்த மருத்துவமனைக்கு விரைந்து வருக என்பது அச்செய்தி. யாரோ நமக்கு அனுப்பினார்கள். நாம் எல்லோர்க்கும் அனுப்பினோம். பெரிய அறம் செய்ததாக எண்ணித் தேநீர் அருந்தினோம். நம் குடியிருப்பில் அவ்வகை இரத்தமுடைய இளைஞர் ஒருவர், இரவு ஒன்பது மணிக்குப் பனிமூட்டத்தில் இரண்டு பேருந்து மாறி அங்கே சென்றார். அப்படியொரு குழந்தை அங்கே இல்லை. விசாரித்ததில், அந்த வேண்டுகோள் மூன்று ஆண்டுகளுக்கு முந்தியது என்றும், குழந்தை நலம்பெற்று வீடு திரும்பி நெடுநாளாயிற்று என்றும் தெரிந்தது. நள்ளிரவில் திரும்பி வந்த அந்த இளைஞர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பரவாயில்லை மாமா, குழந்தை நல்லா இருக்காமே" என்றார். அந்தப் பண்பு நம்மை மேலும் நாணச் செய்தது. இனி உண்மையாகவே இரத்தம் தேவைப்படும் ஒரு நாளில், அதைப்போல் இன்னொருவர் புறப்படுவாரா என்ற எண்ணமும் நம்மை உறுத்திற்று.

எமது பிழை ஓர் இரவுப் பயணத்தோடு போயிற்று. எல்லாப் பிழையும் அவ்வாறு போவதில்லை. 2018ஆம் ஆண்டில், குழந்தை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் வந்திருக்கிறது என்ற பொய்ச்செய்தி கைப்பேசி வழியே மாநிலம் மாநிலமாகப் பரவியது. மகாராட்டிர மாநிலத்தின் துலே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, குலதெய்வக் கோயிலுக்கு வழிதேடிச் சென்ற ஒரு மூதாட்டி, தெருவில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்துக்காகக் கொலையுண்டார். பாட்டி குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் நாட்டில் எந்த நாளில் குற்றமாயிற்று? இக்கொலைகளுக்குப் பின்புதான், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பவியலாதபடி அந்நிறுவனம் வரம்பு கட்டியது. 2020ஆம் ஆண்டில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. கருவிக்கு வரம்பு கட்டிவிட்டார்கள். நம் விரலுக்கு வரம்பு கட்டவேண்டியவர் நாமே.

இங்கேதான் பழைய கடிதம் நமக்கு ஆசிரியனாகிறது. கடிதத்தின் தலையில் இரண்டு இருந்தன என்றோம்: ஊர், நாள். அடியில் ஒன்று: கையொப்பம். உறையின்மேல் அஞ்சல் முத்திரை வேறு சான்று கூறும். எங்கிருந்து, எப்பொழுது, யார் என்ற மூன்றும் இல்லாத கடிதத்துக்கு அன்று 'மொட்டைக் கடுதாசி' என்று பெயர். அதனைக் கண்ணியமானவர்கள் படித்தவுடன் கிழித்து அடுப்பிலிட்டார்கள். இன்று நமக்கு வரும் செய்திகளில் பல, ஊரும் இன்றி, நாளும் இன்றி, எழுதியவர் பெயரும் இன்றி வரும் மொட்டைக் கடுதாசிகளே அல்லவா? அவற்றை நாம் கிழிக்கவில்லை. படி எடுத்து ஊரெங்கும் ஒட்டுகிறோம்! அரசியல் செய்தியாயினும், மருத்துவக் குறிப்பாயினும், ஒரு சாதியையோ சமயத்தையோ பழிக்கும் பேச்சாயினும், இம்மூன்று கேள்விகளைக் கேட்டு, விடை கிடைக்காவிடின் நம்மோடு நிறுத்திவிடுதல் வேண்டும். இதற்குப் பெரும் புலமை வேண்டா. தபால்காரர் காலத்து நாணயம் இருந்தால் போதும்.

மற்றுமோர் இடர் உண்டு. 2024ஆம் ஆண்டில் நம் பகுதியில் நிகழ்ந்தது இது. தனியே வாழும் அம்மையார் ஒருவர். பிள்ளைகள் கடல் கடந்த நாட்டில். அவருக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம். திரையைவிட்டு அகலக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது" என்று காவல் உடை அணிந்த ஒருவன் மிரட்டினான். பின்னால் அலுவலகம் போன்ற காட்சி, மேசையில் கொடி. அம்மையார் நடுங்கிப் போனார். சனிக்கிழமை மாலை தொடங்கி, உணவின்றி, உறக்கமின்றி அத்திரையின்முன் அமர்ந்திருந்தார். திங்கட்கிழமை வங்கி திறந்ததும் சேமிப்பு முழுவதையும் அவன் குறிப்பிட்ட கணக்குக்கு மாற்றுவதாக ஒப்புக்கொண்டும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை கதவு மணி அடித்தது. எதிர்வீட்டு மாமி நின்றார். "ரெண்டு கறிவேப்பிலை இருக்குமா?" என்று கேட்க வந்தவர், கதவைத் திறந்தவரின் கண்களைப் பார்த்தார். கறிவேப்பிலையை மறந்து உள்ளே நுழைந்தார், திரையைக் கண்டார், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான். அந்த மாமி படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த அம்மையார் கணிதத்தில் பட்டம் பெற்றவர்.

'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று இந்நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. அவ்வாண்டு அக்டோபர் மாத வானொலி உரையில் பிரதமரே அதனை எடுத்துச் சொன்னார். இத்தகைய மோசடிக்கு ஆளானால் உடனே அழைக்கவேண்டிய எண் 1930. இவ்வெண்ணை வீட்டு நாட்காட்டியில் எழுதிவையுங்கள். எனினும் அவ்வெண்ணுக்கு முன்னே வரவேண்டியது எதிர்வீட்டுக் கதவு. அன்று கடிதத்தைக் கேட்க மாடிவீட்டார் வந்தார்கள். தந்தி வந்தால் நான்கு வீட்டார் பணம் திரட்டினார்கள். ஒவ்வொருவர் கையிலும் உலகம் வந்துவிட்டபின், அடுத்த வீட்டுக்குப் போகக் காரணம் இல்லாமற் போயிற்று. காரணம் இல்லாவிட்டாலும் போங்கள் என்பதே நம் வேண்டுகோள். கறிவேப்பிலை கேட்டேனும் போங்கள்.

இறுதியாக, நம் நெஞ்சுக்கு மிக அணுக்கமான ஒன்றைச் சொல்லி முடிப்போம். செய்தி விரைகிறது, அச்செய்தியைச் சுமக்கும் நம் தமிழ் எப்படி இருக்கிறது?

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். பல்லியும் பள்ளியும் அங்கே ஓருரு. காலையும் காளையும் ஒரே தொழுவத்தில். நம் உறவினர் ஒருவருக்கு இங்கே அறுவைச் சிகிச்சை நடந்தது. நன்கு முடிந்து, அவர் கண்விழித்துப் பேசினார். பேரப்பிள்ளை உடனே ஊரிலுள்ள பெரியம்மாவுக்கு ஆங்கில எழுத்தில் தட்டியனுப்பினான்: "பாட்டிக்கு இப்ப வலி இல்லை." பெரியம்மா அதை எப்படிப் படித்தார் தெரியுமா? "பாட்டிக்கு இப்ப வழி இல்லை." அவ்வளவுதான்! வீட்டில் ஓலம், இரவோடிரவாக நான்கு பேர் சென்னைக்குப் பேருந்து ஏறிவிட்டார்கள். நாலு எழுத்தைத் தமிழில் எழுதியிருந்தால், ஒரு லகரத்துக்கும் ஒரு ழகரத்துக்கும் இடையே ஒரு குடும்பம் அன்றிரவு அல்லற்பட்டிராது.

கருவியில் தமிழ் இல்லை என்று சொல்லி இன்று எவரும் தப்பவியலாது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகையில், உயிர் இடப்புறம், மெய் வலப்புறம் என்று அழகாக அமைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் அறிந்தால், 247 எழுத்தும் விரல் நுனியில் வரும். இன்றைய கைப்பேசிகளில் தமிழ் எழுதும் வசதி உண்டு. இந்நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் தமிழ் கற்பிக்கின்றன. குறை கருவியில் இல்லை. கற்கும் ஆசையை வீட்டில் ஊட்டாத நம்மிடத்தில் உண்டு.

அதற்கு நம் சங்கம் சென்ற ஆண்டு ஒரு சிறு முயற்சி செய்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, குழந்தைகள் தம் வீட்டுப் பரணில் உள்ள பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் ஞாயிறன்று பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, 1986ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றைக் கொணர்ந்தாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி, தில்லியில் அப்பொழுதுதான் பிள்ளை பெற்றிருந்த தம் மகளுக்கு எழுதியது. குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டு, தில்லிக் குளிர் பொல்லாதது, வசம்பு அனுப்பியிருக்கிறேன் என்று தடுமாறித் தடுமாறிப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரி இது: "குழந்தை வளர்ந்து எனக்குத் தன் கையால் ஒரு கடுதாசி எழுதணும், அதுவரைக்கும் நான் இருப்பேன்."

அந்தக் குழந்தை, படித்த பெண்ணின் தாய். அவர் அவ்வவையில்தான் அமர்ந்திருந்தார். தில்லியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அந்தக் கடிதம் முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. தம்மைப் பற்றிய வரி அதில் இருப்பதை அவர் அன்றுதான், தம் மகளின் வாயால் அறிந்தார். கொள்ளுப்பாட்டி மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கடுதாசி அவருக்குச் சென்று சேரவே இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தாயும் மகளோடு வந்து அமர்ந்து 'அ' எழுதிக்கொண்டிருக்கிறார். இப்பொழுது 'ழ' வரைக்கும் வந்திருக்கிறார்.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அதில் உங்களுக்கு வந்து, இன்னும் நீங்கள் பெற்றுக்கொள்ளாத செய்தி ஒன்று இருக்கலாம். இன்றிரவு வீடு சென்றதும் அதனை இறக்கித் தூசு தட்டிப் பாருங்கள். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகளோடு சங்கத்துக்கு வாருங்கள்.

மணி ஆறு இருபத்தைந்து ஆகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.